கணினிக்கும் உண்டு ஒரு செக்ரோல்

உங்கள் வீட்டுக் கணினியில் எத்தனை மென்பொருள்கள் இருக்கின்றன? வகுப்பில் இதைக் கேட்டால், "பத்துப் பதினைந்து இருக்கும் டீச்சர்" என்று பதில் வரும். குரோம், வேர்ட், ஓரிரு விளையாட்டு, அக்கா வைத்திருக்கும் படத்தொகுப்பு மென்பொருள் என்று விரல்விட்டு எண்ணுவார்கள். திரையில் சின்னச் சின்னப் படங்களாகத் தெரிபவை மட்டுமே அந்தக் கணக்கில் வரும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள மேசைக் கணினியிடமே இதே கேள்வியைக் கேட்டால், அது சொல்லும் எண் ஆயிரத்தைத் தாண்டும்.

அப்படிக் கணினியிடம் கேட்பதற்கு ஒரு கருவி உண்டு. பொதி மேலாளர் என்பது அதன் பெயர். 'பொதி' என்றால் ஒரு மென்பொருளின் கோப்புகளையும் அதன் விவரச் சீட்டையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. பெயர் என்ன, பதிப்பெண் என்ன, வேலை செய்ய வேறு எந்தப் பொதிகள் தேவை என்பவை அந்தச் சீட்டில் இருக்கும். பொதிகளை இணையத்திலிருந்து கொண்டுவந்து நிறுவுவது, புதுப்பிப்பது, வேண்டாம் என்றால் நீக்குவது எல்லாம் பொதி மேலாளரின் வேலை. டெபியனில் 'டிபிகேஜி', 'ஆப்ட்' என்ற இரண்டு உண்டு. மேக் கணினிக்கு 'ஹோம்புரூ', விண்டோஸுக்கு 'விங்கெட்', பைத்தான் மொழிக்கு 'பிப்'. இவற்றுக்குப் பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் எழுத்தாகவே பதில் வரும். (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறேன்.)

இது நமக்கு எட்டாத உலகம் என்று நினைக்க வேண்டாம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட 'போஸ்' லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. நம் புக்கிட் பெருவாங்கிலேயே மல்டிமீடியா பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினித் துறைக்குப் போக நினைக்கும் படிவம் 5 மாணவர் யாராக இருந்தாலும், முதல் ஆண்டிலேயே இந்தக் கறுப்புத் திரையைச் சந்திப்பார்.

இந்தக் கட்டுரை பொதி மேலாளரின் ஒரே ஒரு வேலையைப் பற்றியது. "என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது?" என்று கேட்டால் அது தரும் பட்டியல். பட்டியல்தானே, அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 2024 மார்ச் மாதக் கடைசியில் உலகம் முழுவதும் கணினி நிர்வாகிகள் தூக்கமில்லாமல் உட்கார்ந்து பார்த்தது இந்தப் பட்டியலைத்தான். அந்தக் கதைக்கு வருமுன், பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டி இருந்தால் பெரட்டு என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். விடியும் முன்னே எல்லாரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். அன்று யார் வேலையில் இருக்கிறார் என்று துரைக்குத் தெரிய வேண்டுமானால், அவர் மரம் மரமாகப் போய்த் தேட மாட்டார். செக்ரோலைப் புரட்டுவார். பொதி மேலாளரும் அப்படித்தான். வட்டு முழுக்கத் தேடி எந்த மென்பொருள் இருக்கிறது என்று அது கண்டுபிடிப்பதில்லை. ஒன்றை நிறுவும்போதே ஒரு பதிவேட்டில் எழுதிவைத்துவிடுகிறது. டெபியனில் அது 'ஸ்டேட்டஸ்' என்ற பெயருள்ள சாதாரண எழுத்துக் கோப்பு. பட்டியல் கேட்டால் அதைப் படித்துச் சொல்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பட்டியலில் வரமாட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிபிகேஜியிடம் பட்டியல் கேட்டால் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு வரி வரும். பெயர், பதிப்பெண், எந்த வகைக் கணினிக்கானது, சுருக்க விளக்கம் என நான்கு நிரல்கள். வரியின் தொடக்கத்தில் 'ஐ-ஐ' என்று இரண்டு எழுத்துகள் நிற்கும். முதல் 'ஐ' நிறுவ வேண்டும் என்று நாம் கேட்டதைக் குறிக்கும். இரண்டாவது 'ஐ' அது நிறுவப்பட்டுவிட்டதைச் சொல்லும். சில வரிகளில் 'ஆர்-சி' என்றிருக்கும். நீக்கச் சொன்னோம், நீக்கியாயிற்று, ஆனால் அதன் அமைப்புக் கோப்புகள் மட்டும் இன்னும் கிடக்கின்றன என்று பொருள். ஊரைவிட்டுப் போனவரின் பெட்டி மட்டும் லயத்து வீட்டில் கிடப்பது மாதிரி. விவரம் தெரிந்தவருக்கு இந்த இரண்டு எழுத்தே போதும். புதியவருக்கோ அது மந்திரம். 'நிறுவப்பட்டது' என்று ஒரு சொல்லில் சொல்வதை விட்டுவிட்டு ஏன் இப்படிச் சுருக்கினார்கள்?

இடம் இல்லை, அதுதான் காரணம். பழைய கணினித் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்துகளே பிடிக்கும். ஐபிஎம் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நிரல்கள் இருந்தன. பிறகு வந்த திரைகளும் அதே அகலத்தைப் பிடித்துக்கொண்டன. டிபிகேஜியின் பட்டியலும் பல ஆண்டுகளுக்கு இந்த 80ஐ வைத்தே பங்கு போடப்பட்டது. பெயருக்கு 14 எழுத்து, பதிப்பெண்ணுக்கு 12, கணினி வகைக்கு 12, மிச்சம் விளக்கத்துக்கு. அதற்குமேல் நீண்டால் சத்தமில்லாமல் வெட்டிவிடும்.

வெட்டினால் என்ன ஆகும்? லிப்ரேஆபீஸ் என்ற அலுவல் மென்பொருள் பல பொதிகளாக வருகிறது. அவற்றில் ஒன்று 'லிப்ரேஆபீஸ்-கோர்', இன்னொன்று 'லிப்ரேஆபீஸ்-காமன்'. ஆங்கிலத்தில் 'லிப்ரேஆபீஸ்-' என்பதற்கே, இடைக்கோட்டையும் சேர்த்து, 12 எழுத்து போய்விடும். மிச்சம் இரண்டே எழுத்துதான். கோர், காமன் இரண்டுமே ஆங்கிலத்தில் 'சி', 'ஓ' என்றுதான் தொடங்குகின்றன. ஆகவே பட்டியலில் இரண்டும் ஒரே பெயராக நிற்கும்! ஒரே வகுப்பில் இரண்டு 'கலை' இருந்தால், கலைவாணியா கலைச்செல்வியா என்று தெரியாமல் நீங்கள் விழிப்பது போலத்தான்.

இப்போது 2024 கதை. 'எக்ஸ்-இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு மென்பொருள். தன்னார்வலர்கள் பராமரிப்பது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது ஏதோ ஒரு மூலையில் இருக்கும். ஆண்டிரஸ் ஃபிராய்ண்ட் என்ற மைக்ரோசாப்ட் பொறியாளர் தம் சோதனைக் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை வினாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்தார். அரை வினாடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிப் போனார். எக்ஸ்-இசட்டின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்திருப்பது தெரிந்தது. அந்த ஆள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து, பராமரிப்பவரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். மார்ச் 29 அன்று ஃபிராய்ண்ட் இதை உலகுக்கு அறிவித்தார்.

அந்த நொடியிலிருந்து எல்லாருக்கும் ஒரே கேள்வி: என் கணினியில் எந்தப் பதிப்பு? டெபியனின் நிலைத்த வெளியீடு தப்பித்துவிட்டது. அதில் இருந்தது பழைய 5.4 வரிசைப் பதிப்பு. ஆனால் சோதனை வெளியீடுகளைப் பயன்படுத்தியவர்கள் உடனே பட்டியலைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

டெபியன் குழுவினர் விரைந்து திருத்தம் வெளியிட்டார்கள். பழைய நல்ல பதிப்பான 5.4.5க்கே திரும்புவதுதான் அந்தத் திருத்தம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பொதி மேலாளர் எப்போதும் பெரிய எண்ணைத்தான் புதியது என்று எடுத்துக்கொள்ளும். 5.6.1 இருக்கும் கணினிக்கு 5.4.5ஐக் கொடுத்தால், "இது பழசு" என்று ஒதுக்கிவிடும். அதனால் திருத்தத்துக்கு '5.6.1+ரியலி5.4.5-1' என்று பெயர் வைத்தார்கள். வெளியே 5.6.1, 'உண்மையில்' 5.4.5! டெபியனில் இது வழக்கமான உத்திதான். எனக்கு மிகவும் பிடித்த பதிப்பெண்ணும் இதுவே.

இந்தப் பெயரை அந்தப் பழைய 12 எழுத்து நிரலில் வைத்துப் பாருங்கள். '5.6.1' என்பதற்கு 5 இடம், கூட்டல் குறிக்கு 1, 'ரியலி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 6. சரியாக 12 முடிந்துவிட்டது. திரையில் தெரிவது '5.6.1+ரியலி' மட்டும். காப்பாற்றப்பட்ட கணினி, திருட்டுக் கதவு உள்ள கணினியைப் போலவே காட்சி தரும். முக்கியமான பாதி, வெட்டப்பட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

நல்ல வேளையாக, அதற்குள் டிபிகேஜி திருந்தியிருந்தது. இப்போதைய பதிப்புகள் முதலில் பட்டியல் முழுவதையும் ஒரு முறை பார்த்துவிடுகின்றன. மிக நீளமான பெயர் எது, மிக நீளமான பதிப்பெண் எது என்று கண்டு, அதற்கேற்ப நிரலை அகலமாக்குகின்றன. இடம் போதாவிட்டால் கடைசியில் உள்ள விளக்கம்தான் முதலில் குறுகும். விளக்கம் குறைந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று முடிவெடுப்பதுதான் இங்கே செய்யப்பட்ட மேம்பாடு. வண்ணமும் அழகும் அதற்குப் பிறகு வருபவை.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இதே பிரச்சினையை இன்று வீட்டிலேயே பார்க்கலாம். விங்கெட்டை மைக்ரோசாப்ட் 2020இல் அறிவித்தது. இப்போது விண்டோஸ் 11 உடனேயே அது வருகிறது. கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'விங்கெட் லிஸ்ட்' என்று தட்டுங்கள். பெயர், அடையாளம், பதிப்பு முதலிய நிரல்கள் வரும். பிறகு சாளரத்தை இழுத்துக் குறுக்கிவிட்டு மறுபடி தட்டுங்கள். பெயர்களின் வால் போய் மூன்று புள்ளி நிற்கும். வெட்டியிருக்கிறோம் என்று அந்தப் புள்ளிகளாவது சொல்கின்றன. அந்த மட்டில் பழைய டிபிகேஜியைவிட நாணயம். ஆனால் அடையாள நிரலும் வெட்டுப்படும். ஒரு மென்பொருளை நீக்க அந்த அடையாளத்தைத்தான் எடுத்து ஒட்ட வேண்டும். பாதி அடையாளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாளரத்தை மறுபடி விரிக்க வேண்டியதுதான்.

அடுத்து, பட்டியலின் நீளம். ஆயிரத்து ஐந்நூறு வரி ஓடினால் யார் படிப்பார்? இதில் நாம் உண்மையிலேயே கேட்டு நிறுவியவை சிலவே. மற்றவை கூட வந்தவை. ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் அழைத்தது மாமாவைத்தான். மாமா வந்தால் அத்தை வருவார், பிள்ளைகள் வருவார்கள், காரோட்டியும் வருவார். ஒரு வீடியோ மென்பொருளை நிறுவினால், ஒலியைக் கையாளும் பொதி, படத்தைக் கையாளும் பொதி, எழுத்துரு என்று ஒரு படையே உள்ளே வரும். இவற்றைச் சார்புப் பொதிகள் என்பார்கள்.

ஆப்ட் இதைத் தனியாகக் குறித்து வைக்கிறது. 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளையில், நாம் கேட்டு நிறுவியதன் அருகே 'நிறுவப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருக்கும். கூட வந்ததன் அருகே 'நிறுவப்பட்டது, தானியங்கி' என்றிருக்கும். 'கேட்டு நிறுவியவற்றை மட்டும் காட்டு' என்றும் சொல்லலாம். அப்போது நீண்ட பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். இந்தக் குறிப்பு இருப்பதால்தான், மாமா கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருக்கும் காரோட்டியை ஆப்ட்டால் அடையாளம் காண முடிகிறது. யாருக்கும் தேவைப்படாத சார்புப் பொதிகளை ஒரே கட்டளையில் வெளியேற்றலாம். ஹோம்புரூவில் இதற்கு இன்னும் அழகான பெயர்: 'லீவ்ஸ்', அதாவது இலைகள். எதற்கும் கிளையாக இல்லாமல் நுனியில் நிற்கும் பொதிகளை மட்டும் அது காட்டும்.

பட்டியலைப் படிப்பவர் எப்போதும் மனிதர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரங்களில் அதைப் படிப்பது இன்னொரு புரோகிராம். நூறு கணினிகள் உள்ள ஆய்வகத்தில் யாரும் நூறு பட்டியலைக் கண்ணால் பார்க்க மாட்டார்கள். ஒரு சிறு புரோகிராம் எழுதிப் படிக்க வைப்பார்கள். இங்கேதான் பட்டியலை மேம்படுத்துபவருக்குத் தலைவலி. மனிதருக்கு அழகாக இருக்கட்டும் என்று ஓர் அடைப்புக்குறியை எடுத்தால், அந்த அடைப்புக்குறியை நம்பியிருந்த புரோகிராம் எங்கோ உடையும்.

பைத்தானின் பிப் இதை எப்படிக் கடந்தது என்பது படிக்கத் தக்கது. முன்பு 'பிப் லிஸ்ட்' ஒவ்வொரு வரியிலும் பெயரையும், அடைப்புக்குறிக்குள் பதிப்பெண்ணையும் காட்டும். நேர்த்தியான இரண்டு நிரலாக மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் உடனே மாற்றவில்லை. 2016 நவம்பரில் வந்த 9ஆம் பதிப்பில் எந்த வடிவம் வேண்டும் என்று கேட்கும் வசதியைச் சேர்த்தார்கள். நீங்கள் வடிவத்தைச் சொல்லாவிட்டால், 'இனி நிரல் வடிவம்தான் வரும், தயாராகுங்கள்' என்ற எச்சரிக்கை வரும். 2018 ஏப்ரலில் 10ஆம் பதிப்பில்தான் மாற்றினார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு அவகாசம். புரோகிராம்களுக்கென்றே 'ஜேசான்' என்ற வடிவத்தையும் தந்தார்கள். அதில் அழகு இல்லை. ஆனால் எது பெயர், எது பதிப்பெண் என்று பெயரிட்டே சொல்லிவிடும். வெட்டும் இல்லை, ஊகமும் இல்லை.

ஆப்ட் வேறு வழியில் போனது. 2014இல் வந்த அதன் 1.0 பதிப்பில்தான் மனிதருக்கான 'ஆப்ட்' என்ற கட்டளை அறிமுகமானது. அதன் வெளியீட்டை வேறொரு புரோகிராமுக்குத் திருப்பினால், 'இந்த வடிவம் நிலையானது அல்ல, கவனம்' என்று எச்சரிக்கும். புரோகிராம்களுக்குப் பழைய கட்டளைகள் அப்படியே இருக்கின்றன. அதனால் மனிதர் பார்க்கும் பக்கத்தை அச்சமின்றி மாற்ற முடிந்தது. 2025இல் வந்த 3.0 பதிப்பில், பொதிகளை நிறுவும்போதும் நீக்கும்போதும் வரும் பட்டியல் நிரல் நிரலாக வருகிறது. வருபவை பச்சை, போகிறவை சிவப்பு. தவறான ஒன்றை நீக்கப் போகிறோம் என்றால் கண் அங்கே தானாகப் போகும்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன விஷயம். அந்தக் காலத்தில் பால்மரம் சீவப் போன அம்மாவுடன் பிள்ளைகளும் போவார்கள். ஒட்டுப்பால் எடுப்பார்கள், வாளி தூக்குவார்கள். செக்ரோலில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருக்கும். தோட்டத்தில் அன்று உண்மையில் எத்தனை பேர் உழைத்தார்கள் என்று அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியாது.

2021 டிசம்பரில் கணினி உலகில் நடந்தது இதுவே. 'லாக்4ஜே' என்ற ஜாவா மென்பொருள் நூலகத்தில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. மைன்கிராஃப்ட் விளையாட்டும் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று. நிர்வாகிகள் பொதிப் பட்டியலைத் திறந்து லாக்4ஜே என்று தேடினார்கள். பல கணினிகளில் அந்தப் பெயரே இல்லை. ஆனால் ஆபத்து இருந்தது. ஏனென்றால் வேறு மென்பொருள்களைச் செய்தவர்கள் லாக்4ஜேயைத் தங்கள் மூட்டைக்குள்ளேயே வைத்துக் கட்டியிருந்தார்கள். சில இடங்களில் மூட்டைக்குள் மூட்டை, அதற்குள் இன்னொரு மூட்டை. பதிவேட்டில் வெளி மூட்டையின் பெயர்தான் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் கோதுமை, சர்க்கரை, பாமாயில் என்று அச்சிடுவது போல, மென்பொருளுக்கும் உட்பொருள் பட்டியல் வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. லாக்4ஜேக்குப் பிறகு அதை யாரும் வீண் வேலை என்று சொல்வதில்லை.

கடைசியாக ஒன்று, நம் மொழி சம்பந்தப்பட்டது. நிரலை நேராக நிறுத்த வேண்டுமானால் ஒவ்வொரு சொல்லும் எத்தனை இடம் பிடிக்கும் என்று கணினிக்குத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தில் சுலபம், ஓர் எழுத்துக்கு ஓர் இடம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு? நாம் மூன்றெழுத்து என்போம். யூனிகோடு முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். யூடிஎப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15. மூன்று, ஐந்து, பதினைந்து ஆகிய எதுவுமே திரையில் பிடிக்கும் அகலத்தைச் சரியாகச் சொல்லாது. புள்ளி ழகரத்தின் தலையில் உட்கார்ந்துவிடும், அதற்குத் தனி இடம் வேண்டாம். இகரக் குறி மகரத்தோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் இடம் கேட்கும். 'மௌ' போன்ற எழுத்துகளோ இன்னும் அகலம். ஆங்கிலத்தை மட்டும் நினைத்து எழுதிய பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்று வந்தால், அந்த வரி மட்டும் கோணிக்கொண்டு நிற்பது இதனால்தான். எண்ணிக்கை தெரியாமல் வெட்டினால் இன்னும் மோசம். 'தமிழ்' என்பதை 10 பைட்டில் வெட்டினால், ழகரம் நடுவில் உடைந்து, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறிதான் மிஞ்சும்.

பள்ளியில் பைத்தான் படிப்பவர்கள் இதைச் சோதிக்கலாம். 'லென்' என்ற கட்டளைக்குள் 'தமிழ்' என்று கொடுங்கள், 5 என்று வரும். பிறகு 'பிப்' மூலம் 'ஓபன்-தமிழ்' என்ற பொதியை நிறுவுங்கள். 'எழில்' என்ற தமிழ்க் கணினி மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த பொதி அது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் கட்டளை அதில் உண்டு. அதைக் கேட்டால் த, மி, ழ் என்று மூன்றாகவே பிரித்துத் தரும். முடித்த பிறகு 'பிப் லிஸ்ட்' தட்டிப் பாருங்கள். செக்ரோலில் புதிதாக ஒரு பெயர் ஏறியிருக்கும். அதோடு கூட வந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.